எஃப்எல்பி மோட்டாருக்குக் காயில் கட்டினா 'சர்டிபிகேட்' கேக்கறாங்க, எழுதிக் கொடுக்கலாமுங்களா?

கணபதி_காயில்கடை:

வணக்கமுங்க. கோயமுத்தூர் கணபதியில மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்கேன். 1988ல அப்பா ஆரம்பிச்சது. இப்ப நானும் நாலு பசங்களும் பாத்துக்கறோம். கம்ப்ரசர், மில்லு மோட்டார், போர்வெல் சப்மெர்சிபிள்னு எல்லாமே கட்டுவோம். இதுவரைக்கும் வேலை சரியில்லைன்னு ஒரு மோட்டாரும் திரும்பி வந்ததில்லைங்க.

போன வாரம் பெருந்துறைப் பக்கம் ஒரு மருந்து மூலப்பொருள் ஃபேக்டரியில இருந்து மூணு மோட்டார் இறக்கிட்டுப் போனாங்க. மூணுமே ஃப்ளேம்புரூஃப் (எஃப்எல்பி), தீப்பிடிக்கற ஆவி இருக்கற இடத்துக்குன்னே செஞ்சது. ஒண்ணு 11 கிலோவாட், 4 போல், 160 ஃப்ரேம். பிளேட்டுல 'எக்ஸ் டி ஐஐபி டி4'ன்னு இருக்கு, கீழே பெஸோ (வெடிபொருள் பாதுகாப்பு பாக்கற மத்திய அரசு அமைப்பு) அப்ரூவல் நம்பர், டெஸ்ட் ரிப்போர்ட் நம்பர். டிரைவ் எண்ட் பேரிங் போயி ரோட்டர் இறங்கி, காயிலும் எரிஞ்சிருக்கு. இன்னொண்ணு 5.5 கிலோவாட், முன்னாடியே யாரோ ஒரு தடவை கட்டின மோட்டார். மூணாவதுல பிளேட்டே இல்லைங்க, ரிவெட் ஓட்டை மட்டும்தான் இருக்கு.

காயில் கட்டறது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனா அந்த மெயின்டனன்ஸ் மேனேஜர், 'வேலை முடிஞ்சதும் எஃப்எல்பி சர்டிபிகேட் கொடுத்துருங்க, ஆடிட்டுக்கு வேணும்'னு சொல்றாரு. சாதா மோட்டாருக்கு வாங்கற கூலிக்கு ரெண்டு மடங்கு தர்றேங்கறாரு. இது நல்லா முடிஞ்சா வருசத்துக்கு நாப்பது மோட்டாராம். எங்க கடைக்கு அது சின்ன விஷயமில்லைங்க.

என் லெட்டர்ஹெட்ல எழுதிக் கொடுத்தா அது செல்லுமா? ஐஎஸ்ஓ எடுத்தா போதுமா? இல்ல தனியா யார்கிட்டயாவது அங்கீகாரம் வாங்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. மோட்டாரை இன்னும் பிரிக்கலை.

---

ஸ்டேட்டர்_சேலம்:

நண்பரே, நானும் பன்னிரண்டு வருசமா கட்டுறேன். எஃப்எல்பியும் ஆறேழு கட்டியிருக்கேன். பயப்பட ஒண்ணுமில்லை. மெக்கர் வேல்யூ (காயில் இன்சுலேஷன் அளவு), நோ லோடு கரன்ட், ஆர்பிஎம் போட்டு சர்வீஸ் ரிப்போர்ட் கொடுத்தா வாங்கிக்குவாங்க. ஒண்ணே ஒண்ணு, எண்ட் கவர் மூடும்போது ஃப்ளேஞ்சை எமரி போட்டு நல்லா தேச்சு, சிலிக்கான் பேஸ்ட் வச்சு மூடுங்க. கேஸ் உள்ள போகாது. பேரிங் ஹவுசிங் லூசா இருந்தா உள்பக்கம் பஞ்ச் அடிச்சுப் புள்ளி வச்சு இறுக்கிக்கலாம்.

---

மணலி_எலக்ட்ரிக்கல்:

கணபதி தம்பி, பிரிக்காமல் கேட்டீர்களே, அது நல்லதாகப் போயிற்று. நான் வடசென்னையில் பெட்ரோகெமிக்கல் ஆலைகளில் 31 வருடம் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சேலம் தம்பி சொன்னதைத் திருத்த வேண்டும். தம்பி, வருத்தப்படாதீர்கள், நம் ஊரில் பாதிப் பட்டறைகளில் இதே எண்ணம்தான் இருக்கிறது. ஃப்ளேம்புரூஃப் மோட்டாருக்குள் கேஸ் போகும். போகத்தான் செய்யும். மோட்டார் ஓடிச் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியே வரும், நின்று ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். வெளியே ஆவி இருந்தால் அதுவும் சேர்ந்து உள்ளே போகும். அந்த மோட்டாரைச் செய்தவர்கள் அதைத் தடுக்க முயலவே இல்லை. உள்ளே ஒரு பொறி தட்டி வெடித்தால் பாடி அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும், இணைப்புகளின் இடுக்கு வழியாக வெளியே வரும் சூடான வாயு வெளியிலிருக்கும் ஆவியைப் பற்றவைக்காத அளவுக்கு ஆறிப்போக வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. 1815இல் டேவி சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பிவலை வைத்தாரே, அதே தத்துவம். உலோகம் சுடரின் சூட்டை உறிஞ்சிவிடுகிறது.

அதனால் அந்த இடுக்கின் அகலமும் நீளமும்தான் மோட்டாரின் பாதுகாப்பே. சோதனைக்கூடத்தில் ஒவ்வொரு வாயுவுக்கும், எந்த இடைவெளி வரை சுடர் தாண்டாது என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். 25 மி.மீ. நீள இடுக்கில் மீத்தேனுக்கு 1.14 மி.மீ., புரொப்பேனுக்கு 0.92, எத்திலீனுக்கு 0.65, ஹைட்ரஜனுக்கு 0.29. ஐஐஏ, ஐஐபி, ஐஐசி என்று பிளேட்டில் போடுவது இந்த வரிசையில்தான். 0.9க்கு மேல் இருப்பது ஏ, 0.5க்கும் 0.9க்கும் நடுவில் பி, 0.5க்குக் கீழே சி. இவை சோதனைக்கூட எண்கள். மோட்டாரில் அனுமதிக்கும் இடைவெளி இவற்றைவிட ரொம்பக் குறைவு. அதையும் அந்த மாடலின் சர்டிபிகேட் டிராயிங்கைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தயாரிப்பாளர் பொதுத் தரநிலையில் உள்ளதைவிட இறுக்கமான அளவைக் கொடுத்து அப்ரூவல் வாங்கியிருப்பார். சர்டிபிகேட் நம்பர் கடைசியில் 'X' என்ற தனி எழுத்து இருந்தால் (பிளேட்டில் முதலில் வரும் 'Ex' வேறு) தனி நிபந்தனை உண்டு என்று பொருள். 'இந்த இணைப்புகளை ரிப்பேர் செய்யக் கூடாது' என்பது கூட நிபந்தனையாக இருக்கலாம்.

இப்போது எமரிக்கு வருவோம். கையால் தேய்த்தால் ஒரு பக்கம் அதிகம் போகும், ஒரு பக்கம் குறையும். மூடினால் கண்ணுக்கு நன்றாக இருக்கும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையும். சிலிக்கான் பேஸ்ட் போட்டால் அது காய்ந்து இரண்டு உலோக முகங்களையும் ஒன்றோடொன்று உட்கார விடாது. அந்த இடத்தில் இடைவெளி எவ்வளவு என்று பிறகு யாராலும் அளக்க முடியாது. துருப் பிடிக்காமல் இருக்க இறுகாத கிரீஸ் லேசாகத் தடவலாம், பெயின்ட் கூடாது. பேரிங் ஹவுசிங்கில் பஞ்ச் அடிப்பது ரிப்பேர் தரநிலை சொல்லும் முறைகளில் இல்லவே இல்லை.

அந்தத் தரநிலை, ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் 60079-19. நம் நாட்டில் ஐஎஸ்/ஐஇசி 60079-19 என்று பிஐஎஸ் (இந்தியத் தர நிறுவனம்) வெளியிட்டிருக்கிறது. ரிப்பேர், ஓவர்ஹால், தேய்ந்ததைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது மூன்றுக்கும் அதுதான். பெஸோ கொடுத்த அப்ரூவல் தயாரிப்பாளரின் டிசைனுக்கு, அந்த டிராயிங்குக்கு. நீங்கள் மோட்டாரைத் திறந்த பிறகு, அது இன்னும் அந்த டிராயிங்கோடு ஒத்துப்போகிறது என்று அளந்து பார்த்துச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். அந்த மேனேஜர் 'சர்டிபிகேட்' என்று கேட்பது அந்த வாக்குமூலத்தைத்தான். லெட்டர்ஹெட்டில் எழுதலாமா என்றால், பின்னால் அளவுகள் இருந்தால் எழுதலாம். மெக்கர் வேல்யூ காயிலைப் பற்றிச் சொல்லும். இடுக்கைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ரிப்பேர் முடிந்ததும் மோட்டாரில் தனிப் பிளேட் ஒன்று அடிக்க வேண்டும். முழுக்க சர்டிபிகேட் ஆவணங்களின்படியே செய்திருந்தால் சதுரத்துக்குள் 'ஆர்'. பாதுகாப்புத் தரநிலைக்கு உட்பட்டிருக்கிறது, ஆனால் சர்டிபிகேட் ஆவணத்திலிருந்து எங்கோ மாறியிருக்கிறது என்றால் தலைகீழ் முக்கோணத்துக்குள் 'ஆர்'. கூடவே தரநிலை எண், பட்டறை பெயர், வேலை எண், தேதி. இரண்டுமே இல்லையென்றால் பழைய எஃப்எல்பி பிளேட்டை எடுத்துவிட வேண்டும். இதைச் செய்ய நம்மவர்களுக்கு மனசு வராது. ஆனால் சாதா மோட்டாராகிவிட்ட ஒன்றின் மேல் அந்தப் பிளேட் இருப்பதைப் போல மோசமானது வேறில்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஆலையில், வெளியே காயில் கட்டி வந்த பம்ப் மோட்டாரை வருடாந்திர ஷட்டவுனில் திறந்தோம். சோன் 1 இடம், அதாவது சாதாரணமாக வேலை நடக்கும்போதே தீப்பற்றும் ஆவி வரக்கூடிய இடம்; சால்வென்ட் பம்ப். டெர்மினல் பாக்ஸ் மூடியில் எட்டு ஆலன் போல்ட்டில் மூன்று மட்டுமே பழையவை, மீதி ஐந்து கடையில் வாங்கிய சாதா போல்ட், நீளமும் குறைவு. எண்ட் கவர் ஃப்ளேஞ்சில் கிரே பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள். எட்டு மாதம் அது அப்படியே ஓடியிருக்கிறது. ரிப்போர்ட்டில் எல்லாம் 'ஓகே'. அந்த எட்டு மாதத்தில் பம்ப் சீல் இரண்டு தடவை ஒழுகியதை நானே லாக் புத்தகத்தில் எழுதியிருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பம்புக்குப் பக்கத்தில் தினமும் நின்ற ஆபரேட்டரை எனக்குத் தெரியும்.

அதனால் மூன்றாவது மோட்டாரை, பிளேட் இல்லாததை, இன்றே திருப்பிக் கொடுங்கள். அதற்கு எந்த டிராயிங் என்று உங்களால் கேட்கவே முடியாது. மற்ற இரண்டுக்கும் தயாரிப்பாளருக்கு சீரியல் நம்பரோடு எழுதி, இணைப்பு அளவுகளும் வைண்டிங் டேட்டாவும் கேளுங்கள்.

---

கணபதி_காயில்கடை:

ஐயா, ரொம்ப நன்றிங்க. நானும் கேஸ் உள்ள போகாதுன்னுதான் இத்தனை வருசம் நெனச்சிட்டிருந்தேன். வைண்டிங்குல எதைப் பாக்கணும்? 18 கேஜ் கிடைக்கலைன்னா சன்னக் கம்பி ரெண்டா சேத்துப் போடறது வழக்கமுங்க. காயில் எடுக்கறதுக்கு ஸ்டேட்டரை எரிப்போம்.

---

மணலி_எலக்ட்ரிக்கல்:

இங்கேதான் டி4 வருகிறது தம்பி. மோட்டாரின் சம்பந்தப்பட்ட எந்தப் பரப்பும் 135 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது அதன் பொருள். டி3 என்றால் 200, டி5 என்றால் 100. மருந்து ஆலையில் டை எத்தில் ஈதர் இருக்கலாம். அது 200 டிகிரிக்குக் கீழேயே, பொறி எதுவும் இல்லாமல், சூடான பரப்பில் பட்டாலே பற்றிக்கொள்ளும். எத்தனாலுக்கு 360க்கு மேல் வேண்டும். அவர்கள் டி4 கேட்டு வாங்கியது சும்மா இல்லை.

ஸ்டேட்டரை விறகு போட்டோ மண்ணெண்ணெய் ஊற்றியோ எரித்தால் கோர் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் இன்சுலேஷன் கருகிவிடும். தகடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோரிலேயே கரன்ட் சுற்றும். நோ லோடில் கொஞ்சம் கூடக் காட்டும், மெக்கரில் ஒன்றும் தெரியாது, பாடி மட்டும் சுடும். சூடு கட்டுப்பாடு உள்ள அடுப்பில் (ஓவன்), கோர் சுமார் 370 டிகிரியைத் தாண்டாமல் எடுக்க வேண்டும். எரிப்பதற்கு முன்னும் பின்னும் கோர் லாஸ் டெஸ்ட் (கோர் எவ்வளவு சக்தியைச் சூடாக வீணாக்குகிறது என்று பார்ப்பது) செய்து இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். உங்கள் 5.5 கிலோவாட் முன்பே ஒருமுறை கட்டியது என்றீர்களே, அதை முதலில் சோதியுங்கள்.

கம்பி, சுற்று, பிட்ச், கனெக்‌ஷன், இன்சுலேஷன் கிளாஸ் எல்லாம் முன்பு இருந்தபடியே. உள்ளே பிடிசி தெர்மிஸ்டர் (காயில் சூட்டை உணரும் சென்சார்) இருந்தால் அதே டிரிப் வெப்பநிலையில் திரும்ப வைக்க வேண்டும். சில மோட்டாருக்கு டி கிளாஸே அந்தத் தெர்மிஸ்டரை நம்பித்தான் கொடுத்திருப்பார்கள். வேகம் மாற்றும் டிரைவில் ஓடும் மோட்டாராக இருந்தால் அநேகமாக அப்படித்தான். அதை 'ஷார்ட் பண்ணி விட்டுட்டேன்' என்று சொன்ன ஒருவரையும் பார்த்திருக்கிறேன்.

---

பீளமேடு_க்யூசி:

கணபதி அண்ணா, நான் கோவையில ஒரு மோட்டார் தயாரிப்பு நிறுவனத்தில் குவாலிட்டி பாக்குறேன். வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் எஃப்எல்பி அனுப்புறோம். உங்க ஐஎஸ்ஓ கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, அதனால எழுதுறேன்.

ஐஎஸ்ஓ 9001 மட்டும் போதாது. நாங்க அதை வச்சிருந்தோம், எக்ஸ் (வெடிப்புப் பாதுகாப்பு) ஆடிட்டுக்கு வந்தவர் அதைப் பாத்துட்டு ஓரமா வச்சிட்டார். அவர் கையில இருந்தது ஐஎஸ்ஓ/ஐஇசி 80079-34. வெடிப்பு அபாயம் உள்ள இடத்துக்கான சாதனம் தயாரிக்கறவங்களுக்குன்னே 9001 மேல கட்டின தரநிலை அது. ஐஇசி எக்ஸ்ங்கற சர்வதேச சர்டிபிகேட் திட்டத்தில் க்யூஏஆர்ங்கற தர ஆடிட் அறிக்கை, ஐரோப்பாவுக்கு அவங்க வெடிப்புப் பாதுகாப்புச் சட்டமான 2014/34 ஏடெக்ஸ்படி க்யூஏஎன்ங்கற தர அறிவிப்பு, ரெண்டுக்கும் அடிப்படை அதுதான். எங்களுக்கு மூணு வருசத்துக்கு ஒரு தடவை முழு ஆடிட், நடுவுல கண்காணிப்பு ஆடிட். வடிவமைப்புக்கு ஒரு முறை சர்டிபிகேட் வாங்கிட்டு அப்புறம் நம்ம இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. ஆயிரமாவது மோட்டாரும் முதல் மோட்டார் மாதிரியே வருதான்னு பாக்கறதுதான் அந்த ஆடிட்.

அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. லைன்ல இருந்து ஒரு எண்ட் கவரை அவரே எடுத்தார். 'இதோட ஸ்பிகாட்டை (பாடிக்குள்ள உக்கார்ற விளிம்பு) எந்தக் கருவியில அளந்தீங்க, அந்தக் கருவியை எப்ப கேலிபரேட் பண்ணீங்க, இந்த டிராயிங் சர்டிபிகேட்ல இருக்கற அதே ரிவிஷன்தானா?' மூணாவதுல மாட்டிக்கிட்டோம். மெஷின் ஷாப் சுவத்துல ஒட்டியிருந்த டிராயிங் பழைய ரிவிஷன். அளவுல வித்தியாசம் ஒண்ணும் இல்ல, நோட்ஸ்ல ஒரு வரி மட்டும்தான் மாறியிருந்தது. ஆனாலும் அதைக் குறையா எழுதினார். அவர் எழுதினது சரிதான்னு நான் நினைக்கிறேன். அன்னைக்கு நோட்ஸ் மாறியிருந்தது, இன்னொரு நாள் இடைவெளி அளவு மாறியிருக்கும்.

இன்னொண்ணு, தப்பான பொருள் வெளிய போயிட்டா என்ன செய்வீங்கன்னு அந்தத் தரநிலை கேக்கும். எந்த சீரியல் நம்பர் யார்கிட்ட போச்சுன்னு தேடி எடுக்க முடியணும், வாடிக்கையாளருக்கும் சர்டிபிகேட் கொடுத்தவங்களுக்கும் எழுத்தில சொல்லணும். ரெக்கார்டுகளை பத்து வருசமாவது வச்சிருக்கணும்.

உங்கள மாதிரி ரிப்பேர் பண்றவங்களுக்கு ஐஇசி எக்ஸ்ல சர்வீஸ் ஃபெசிலிட்டின்னு தனித் திட்டம் இருக்கு. 60079-19ஐ வச்சு ஆடிட் பண்ணுவாங்க. பட்டறையில பொறுப்பாளர் ஒருத்தர், வேலை செய்யறவங்க, ரெண்டு தரப்புக்கும் தனித்தனித் தகுதி நிரூபிக்கணும். யார் யார்கிட்ட அந்த சர்டிபிகேட் இருக்குன்னு ஐஇசி எக்ஸ் தளத்துல யார் வேணா இலவசமா தேடிப் பாக்கலாம். செலவு இருக்கு அண்ணா, ஆனா நாப்பது மோட்டார் நிஜமா வரும்னா யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

---

கணபதி_காயில்கடை:

பத்து நாள் கழிச்சு எழுதறேனுங்க. நடந்ததைச் சொல்லிடறேன்.

பிளேட் இல்லாத மோட்டாரைத் திருப்பி அனுப்பிட்டேன். மேனேஜர் கோவிச்சுக்கிட்டாரு, அப்புறம் அவரே ஸ்கிராப்புல எழுதிட்டதா சொன்னாரு. 5.5 கிலோவாட்டுக்கு லூப் டெஸ்ட் (நீங்க சொன்ன கோர் டெஸ்ட்தான்) போட்டோம். கோர்ல ரெண்டு இடம் கை வைக்க முடியாத சூடு. பழசா எரிச்சதுலயே போயிருக்குங்க. அதுவும் வேலைக்கு ஆகாது.

11 கிலோவாட்டுக்குத் தயாரிச்ச கம்பெனி நாலு நாள்ல பதில் போட்டாங்க. இன்னர் பேரிங் கவருக்கும் தண்டுக்கும் விட்டத்துல அதிகபட்சம் 0.30 இருக்கலாமுன்னு டிராயிங்ல இருக்கு. போர் கேஜும் மைக்ரோமீட்டரும் வச்சு நாலு இடத்துல அளந்தேன். தண்டு 47.81. கவர் துளை ஒரு பக்கம் 48.34, இன்னொரு பக்கம் 48.62. பேரிங் போனப்ப தண்டு உரசித் தின்னிருக்கு. பழைய பழக்கத்துல இருந்திருந்தா இதை அளக்கவே மாட்டேன், புது பேரிங் போட்டு மூடியிருப்பேன். பித்தளை புஷ் அடிச்சு இறுக்கலாமான்னு பையன் கேட்டான். வேண்டாம்னுட்டேன். சரிதானுங்களா ஐயா?

கவரைக் கம்பெனிகிட்டயே ஆர்டர் போடச் சொல்லிட்டு, மோட்டாரை சர்டிபிகேட் உள்ள ஒரு பட்டறைக்கு நானே வண்டி வச்சு அனுப்பிட்டேன். இந்த ஒண்ணுல எனக்கு ஒரு ரூபா இல்லைங்க. 60079-19 புத்தகம் வாங்கியாச்சு, படிச்சிட்டிருக்கேன். அந்த ஓவன் விலையும் விசாரிச்சிட்டேன்.

---

மணலி_எலக்ட்ரிக்கல்:

மிகவும் சரி. சர்டிபிகேட் டிராயிங்கில் இல்லாத புஷ் அங்கே வரக் கூடாது. இன்னொன்று, பேரிங் வைத்த தண்டில் அந்த இடைவெளி ரொம்பக் குறைந்தாலும் ஆபத்துதான். ஆரத்தில் 0.05 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்று ஃப்ளேம்புரூஃப் கட்டமைப்புக்கான தரநிலை 60079-1 சொல்கிறது. இறுகினால் ஓடும்போது உரசும், உரசினால் சூடும் பொறியும். நாலு இடத்தில் அளந்தது எனக்கு ரொம்ப சந்தோஷம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லை என்று கண்டுபிடித்தீர்களே, அதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

---

ஸ்டேட்டர்_சேலம்:

ஐயா, நான் மேல எழுதினதைத் தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. அழிக்கலாமுன்னு பாத்தேன், அப்புறம் உங்க பதில் புரியாமப் போயிடும்னு விட்டுட்டேன்.

ஒரு கேள்வி. நான் கட்டின எஃப்எல்பி மோட்டார் எல்லாம் வெளிய ஓடிட்டிருக்கு. எல்லாத்துலயும் சிலிக்கான் வச்சுத்தான் மூடினேன். ரெண்டுல ஹவுசிங் பஞ்ச் அடிச்சிருக்கேன். நல்லவேளையா பில் புக் இருக்கு. இப்ப நான் என்ன செய்யணும்?

---

பீளமேடு_க்யூசி:

அண்ணா, பில் புக்கில இருந்து ஒவ்வொரு மோட்டாருக்கும் கம்பெனி பேர், சீரியல் நம்பர், என்ன செஞ்சீங்கன்னு ஒரு தாள்ல எழுதுங்க. முதல்ல போன், அன்னைக்கே எழுத்துல. 'இந்த மோட்டாரை எஃப்எல்பியா நம்பாதீங்க, அபாயப் பகுதியில இருந்து எடுங்க'ன்னு நேரடியா எழுதிடுங்க. பஞ்ச் அடிச்ச ரெண்டையும் முதல்ல கூப்பிடுங்க.

---

மணலி_எலக்ட்ரிக்கல்:

அவர் சொன்னபடியே செய்யுங்கள் தம்பி. மெயின்டனன்ஸ் ஆளிடம் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், ஆலையின் பாதுகாப்பு அதிகாரிக்கும் ஒரு நகல் போகட்டும். ஷிஃப்ட் மாறினால் வாய்ச் செய்தி மறைந்துவிடும்.

---

ஸ்டேட்டர்_சேலம்:

மொத்தம் ஏழு மோட்டார், நாலு கம்பெனி. மூணு பேர்கிட்ட பேசிட்டேன், லெட்டரும் போயிடுச்சு. பஞ்ச் அடிச்ச ஒண்ணை இன்னைக்கு மத்தியானமே நிறுத்திட்டாங்க. இன்னொண்ணு பெயின்ட் தின்னர் கம்பெனி, போன் எடுக்கல. காலையில முதல் பஸ்ஸுக்கு நேர்ல போறேன்.